தெருவுக்கு வருமுன்பே வீடிழந்த பெண்கள்

இந்தியாவில் வீடற்றவர்களை ஒரே இரவில் எண்ணுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த இரவு பிப்ரவரி 28. நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், சாலையோரம் கிடக்கும் பெரிய சிமெண்டுக் குழாய் ஆகிய இடங்களில் அன்றிரவு படுத்திருந்தவர்கள் வீடற்றோர் என்று பதிவானார்கள். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 7.26 லட்சம். தமிழ்நாட்டில் ஆணும் பெண்ணுமாகச் சுமார் 50 ஆயிரம் பேர். சென்னையில் மட்டும் 16 ஆயிரத்துக்கும் மேல்.

இந்த எண்களில் பெண்கள் பகுதி உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். காரணம் எளிது. தனியாக இருக்கும் பெண் இரவில் கண்ணில் படும் இடத்தில் படுப்பதில்லை. அரசு மருத்துவமனை வராந்தாவில் நோயாளிக்குத் துணை வந்தவர்போல் உட்கார்ந்திருப்பார். ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பார். வேலை செய்யும் வீட்டின் மாடிப்படி அடியிலோ, அக்கா வீட்டுக் கூடத்திலோ, தோழியின் அறையிலோ நாலு நாள், பத்து நாள் என்று ஒண்டிக்கொண்டு நாளைக் கடத்துவார். கணக்கெடுப்பவர் வரும் இரவில் அவர் தலைக்கு மேல் கூரை இருக்கும். அந்தக் கூரையின்மேல் அவருக்கு எந்த உரிமையும் இருக்காது. அடிக்கும் கணவனோடு போக்கிடம் இல்லாததால் மட்டுமே வாழ்கிற பெண்ணும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்கள் 100 பேரில் 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வெளியேறிப் போய்த் தங்க ஓர் இடம் இருக்கிறது என்பதே வீட்டுவசதிக் கொள்கை முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஆண் வீடிழப்பதற்கும் பெண் வீடிழப்பதற்கும் வழி வேறு. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த ஆண், கூலியை மிச்சம் பிடிக்க நடைபாதையில் படுக்கிறான். பெரும்பாலும் அவனுக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது. பெண்ணுக்கு வீடு என்பது அப்பா, கணவன், மகன் என்று யாரோ ஒருவரை ஒட்டியே வருகிறது. அந்த ஆள் செத்தாலோ, துரத்தினாலோ, வேறொருத்தியைக் கொண்டுவந்தாலோ வீடும் சேர்ந்து போய்விடுகிறது. கணவன் இறந்த பிறகு கொழுந்தன்மார் பாகம் பிரிக்கும்போது கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படுகிற பெண்கள் உண்டு. இருக்கிற ஒரே வீட்டை மகன் பேருக்கு எழுதிவைத்த மறு வருஷமே திண்ணைக்கு வந்துவிடுகிற தாய்மார் உண்டு. பிறந்த வீட்டில் தம்பிக்குக் கல்யாணம் ஆகும்வரைதான் திரும்பி வந்த அக்காவுக்கு இடம். இவர்கள் யாரும் முதல் நாளே தெருவுக்கு வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு உறவுக்காரர் வீடாகத் தங்கி, ஒவ்வொரு கதவும் சாத்தப்பட்ட பிறகு, கடைசியாகத்தான் நடைபாதைக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் கையில் நகை இருக்காது, ரேஷன் கார்டு இருக்காது, ஆதார் அட்டை புகுந்த வீட்டு பீரோவில் இருக்கும்.

சம்பாத்தியம் உள்ள பெண்ணாவது வாடகைக்குப் போய்விட முடியாதா? சென்னையில் ஒரு சின்ன போர்ஷனுக்குக்கூட பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுகால வழக்கம். தமிழ்நாட்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வீட்டு அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லி வாதாடும் வாடகைதாரருக்கு யாரும் வீடு தருவதில்லை. புரோக்கர் கமிஷன் தனி. இவ்வளவையும் புரட்டிவிட்டாலும் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இருக்கின்றன: வீட்டுக்காரர் எங்கே, என்ன வேலை, யார் யார் வந்து போவார்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். கணவனைப் பிரிந்தவர் என்று தெரிந்தால் வீடு ‘ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது’. சாதியும் மதமும் வேறாக இருந்துவிட்டால் அலைச்சல் இரட்டிப்பு. திருநங்கைகளுக்குப் பெரும்பாலும் கதவே திறப்பதில்லை. வீட்டு வேலை, கட்டட வேலை, பூக்கட்டுதல் என்று அன்றாடம் காய்ச்சியாக இருப்பவருக்கு ஒரு மாத நோய் போதும், அட்வான்ஸ் வாடகையில் கழிந்து வீடு கைவிட்டுப் போக. தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அது அரிசி பருப்புக்கு உதவும். அறை வாடகைக்குக் காணாது.

நடைபாதை வாழ்க்கை என்றால் என்ன என்பதை வடசென்னையில் பார்க்கலாம். பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே இருக்கிற குடும்பங்கள் உண்டு. கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் அவர்களுக்கு இடம் கிடைக்கும். கடை திறப்பதற்குள் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பாத்திரம், துணி, பள்ளிப் புத்தகம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள். அது சுவரோரமாகவோ கம்பத்தோடு சேர்த்துக் கட்டியோ இருக்கும். சாலையைச் சுத்தம் செய்ய வரும் வண்டி அதையும் அள்ளிக்கொண்டு போகும் நாட்களும் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணைச் சுவர் ஓரமாகப் படுக்கவைத்து, தாய் வெளிப்பக்கம் படுப்பாள். குளியல், விடிவதற்கு முன்னால் இருட்டில், நாலு பக்கமும் புடவை பிடித்து. கட்டணக் கழிப்பறை இரவில் பூட்டிவிடும் என்பதால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் வருகிற சிறுநீர்த்தொற்று அவர்களுக்கு வாடிக்கையான நோய். மாதவிலக்குத் துணியைக் காயவைக்க மறைவில்லை. குடித்துவிட்டு வருகிறவனை, மெதுவாக வந்து நிற்கும் பைக்கை, போலீஸ் லத்தியை எதிர்பார்த்துப் படுக்கிறவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் என்று ஒன்று கிடையாது. பல ஆண்டு தூக்கமின்மை மனநலத்தைச் சிதைக்கிறது. மனநோயால் வீட்டைவிட்டு வந்தவர்களும் தெருவில் இருக்கிறார்கள். தெருவால் மனநோய்க்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள்.

விலாசம் இல்லாதவர் குடிமகளே இல்லை என்பதுபோல் அலுவலகங்கள் நடத்தினாலும், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீடற்றவர் வாக்காளராகப் பதிவு செய்யலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று பார்த்து உறுதிசெய்தால் போதும். விலாசச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. இந்த விதி இருப்பது பயன்பெற வேண்டியவர்களில் பலருக்குத் தெரியாது.

நடைபாதைவாசிகளின் உரிமை பற்றிய பெரிய வழக்கு மும்பையில் எழுந்தது. 1981-இல் நடைபாதைக் குடிசைகளை அகற்ற உத்தரவானபோது பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். மனுதாரர்களில் அங்கமுத்து என்பவர், வறட்சியால் பிழைப்பிழந்து 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய்க்குப் போன நிலமற்ற கூலித் தொழிலாளி. 1985-இல் வந்த தீர்ப்பு, உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றது. ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. அடுத்த முக்கியக் கட்டம் 2010. டெல்லிக் குளிரில் வீடற்றோர் இறந்ததைத் தொடர்ந்து, உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்திருந்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் காப்பகப் பிரச்சினையையும் எடுத்துக்கொண்டது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த அளவுகோல். 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வந்த காப்பகத் திட்டம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்று வகுத்தது. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் 2011 மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம்; லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவுகோலின்படி 67 காப்பகங்கள் வேண்டும்.

மாநகராட்சி இடம் தர, தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற காப்பகங்கள் சென்னையில் இருக்கின்றன. பெண்களுக்கெனத் தனியாகவும் உண்டு. பல உயிர்களைக் காப்பாற்றியவை அவை. ஆனாலும் குடும்பமாக நடைபாதையில் இருப்பவர்கள் அங்கே வரத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பெண்கள் காப்பகத்தில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட மகனைச் சேர்ப்பதில்லை. பையனை வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு வா என்றால் எந்தத் தாயும் நடைபாதையையே தேர்ந்தெடுப்பாள். பூ வியாபாரமும் டிபன் கடையும் அதிகாலையில் தொடங்குகின்றன. காப்பகத்தின் கதவு நேரம் அதற்கு ஒத்துவராது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருபவர்களுக்கு 2015 முதல் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுவரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தங்கும் காலம் பொதுவாக ஐந்து நாள்தான். அதற்குப் பிறகு நீண்டகால இல்லம். அதன் தவணை முடிந்தால்? அடுத்த படி இல்லாததால்தான் பல பெண்கள் அடித்தவனிடமே திரும்பிப் போகிறார்கள். காப்பகம் ஒரு நடுவழி. அதைக் கட்டிவிட்டதாலேயே வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்குக் காட்டுவது தவறு.

அடுத்த படி சாத்தியம்தான் என்பதற்கு சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் தொடங்கியது ‘தி பேனியன்’. தெருவில் கண்ட மனநலம் குன்றிய ஒரு பெண்ணைச் சேர்க்க எங்கும் இடம் கிடைக்காததே அதன் தொடக்கம். முகப்பேரில் உள்ள அதன் இல்லத்தில் சிகிச்சை பெற்றுக் குணமான பெண்கள் பலர் விலாசம் நினைவுக்கு வந்து ஊர் திரும்பினார்கள். ஆனால் பலருக்குத் திரும்ப வீடு இல்லை. இருந்தாலும் ஏற்க ஆளில்லை. அவர்கள் ஆயுள் முழுக்க நிறுவனத்துக்குள்ளேயே கிடக்க வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘ஹோம் எகெய்ன்’. சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து குடியிருக்கிறார்கள். தேவைக்கேற்ப ஒரு பணியாளர் துணைக்கு இருக்கிறார். கடைக்குப் போவது, சமைப்பது, சிறு வேலைக்குப் போவது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவது எல்லாம் அவர்கள் பாடு. மனநோயோடு பத்திருபது ஆண்டு நிறுவன வாழ்க்கை வாழ்ந்தவர்களே வாடகை வீட்டில் வாழ முடிகிறதென்றால், வேலைக்குப் போகிற தனிப்பெண்ணுக்கு வீடு கொடுக்க அஞ்சுவதில் நியாயம் ஏதுமில்லை. பின்லாந்து 2008 முதல் இதே வழியில் போய், காப்பகங்களை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றி, முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்ற முறையில் வீடின்மையைப் பெருமளவு குறைத்திருக்கிறது.

இப்படித் தெருவில் இருக்கும் மனநோயாளிகள் விஷயத்தில் இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் காவல்துறைக்கும் கடமை விதிக்கிறது. தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். அவரைத் தூக்கி அடுத்த மாவட்ட எல்லையில் இறக்கிவிடுவது சட்டவிரோதம்.

மலிவு வீடு என்று வரும்போது தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் கொள்கை. மந்தைவெளியிலும் மெரினா ஓரத்திலும் அப்படிக் கட்டிய குடியிருப்புகள் நகரின் நடுவில் இன்றும் இருக்கின்றன. பிறகு நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகளின் வீடு நகருக்கு வெளியே நகர்ந்தது. 2000-ஐ ஒட்டிக் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றங்கரை மக்களுக்குப் பெரும்பாக்கம். 2021-இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது.

இந்த இடமாற்றத்தின் சுமை பெண்கள் தலையில் விழுந்த விதம் கவனிக்கத்தக்கது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் பிழைப்பு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. காலையில் மூன்று வீடு முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் மறுபடி இரண்டு வீடு. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் ஒரு நாளில் இரண்டு தடவை போய்வர முடியாது. காலை ஏழு மணிக்குள் வரச்சொல்லும் முதல் வீடு போகும். பிறகு மற்றவையும் போகும். மீன் விற்பவளுக்கும் இட்லிக் கடைக்காரிக்கும் இதே கதைதான். வாடிக்கையாளர் பழைய இடத்திலேயே இருந்துவிட்டார்கள். ஒதுக்கீட்டு ஆணை பெண்ணின் பெயரில் வந்தது நல்ல மாற்றம். ஆனால் அந்த ஆணையோடு வேலை போனதால், கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நடைபாதைக்கே திரும்பிய குடும்பங்களும் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது அநியாயம். வீடு எவ்வளவு மலிவு என்பதை அதன் விலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அங்கிருந்து வேலைக்குப் போகும் பஸ் கட்டணத்தையும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2015-இல் தொடங்கிய பிரதமரின் வீட்டுவசதித் திட்டம், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளோருக்கான வீடு குடும்பத்தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும் என்றது. அது பெரிய முன்னேற்றம். ஆயினும் சொந்த மனையில் கட்ட மானியம், கடனுக்கு வட்டிச் சலுகை என்று அந்தத் திட்டத்தின் பெரும்பகுதி, மனையோ கடன் வாங்கும் தகுதியோ உள்ளவருக்கே எட்டும். நடைபாதைப் பெண்ணிடம் மனை இல்லை. சம்பளச் சீட்டும் இல்லை. அவருக்கு இன்றைய தேவை சொந்த வீடு அல்ல, கட்டுப்படியாகிற வாடகை வீடு. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத வாடகை, பெருந்தொகை அட்வான்ஸ் இல்லாமை, திடீரென்று காலி செய்யச் சொல்லாத ஒப்பந்தம், வேலைக்குப் பக்கம். இந்த வகை வீடுகளை அரசே கட்டி வாடகைக்கு விடுவது இங்கே மிகக் குறைவு.

ஓர் இடத்தில் அசைவு தெரிகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கைப்பேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் பலர் நோயுற்றதும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிறு அறைகளில் பலரை அடைத்துவைத்திருந்தது அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 2023 முதல் தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட ஊர்களில் அரசின் ‘தோழி’ விடுதிகள் இயங்குகின்றன. மாதச் சம்பளப் பெண்களுக்கு இவை பெரும் துணை. பிள்ளைகளோடு வெளியேறிய தாய்க்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் இதே அளவில் ஏற்பாடு இன்னும் வரவில்லை.

பெண்களைக் கேட்டு வீடு கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு மும்பை பைகுல்லா நடைபாதைப் பெண்கள் நல்ல உதாரணம். 1985-இல் ‘ஸ்பார்க்’ அமைப்பு அந்தப் பகுதி நடைபாதைகளில் சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அடுத்த ஆண்டு பெண்களே ‘மகிளா மிலன்’ என்று கூடி அன்றாடம் சில்லறையாகச் சேமிக்கத் தொடங்கினார்கள். அவர்களோடு தோள்கொடுத்தவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம்; குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டியவர், 2000-இல் மகசேசே விருது பெற்றவர். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று பெண்கள் தாங்களே பேசி, 14 அடி உயரமுள்ள ஓர் அறையும் அதற்குள் ஒரு பரணும் போதும் என்று வரைந்தார்கள். கீழே சமையல், புழக்கம். மேலே பிள்ளைகள் தூங்க, படிக்க. அதே தரைப் பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். ஏறத்தாழ இருபது ஆண்டு சேமிப்புக்கும் மனுக்களுக்கும் பிறகு மான்கூர்தில் ‘மிலன் நகர்’ எழுந்தது. எந்தப் பொறியாளருக்கும் தோன்றாத அந்தப் பரண், நடைபாதையில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தோன்றியது.

புதிய வீடு கட்டுவதைவிடச் செலவில்லாத வழி, இருக்கிற வீட்டிலிருந்து பெண்ணை வெளியேற்றாமல் தடுப்பது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டுக்குடித்தன வீட்டில் வாழும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 19-ஆம் பிரிவின்படி கணவனை வெளியேறச் சொல்லவும், அதே தரத்தில் மாற்று வீடோ வாடகையோ தரச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வீடு மாமனார் பெயரில் இருப்பதாலேயே மருமகளின் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989-இல் வந்தது. அதற்கு முன் மணமானவர்களுக்கு அது எட்டவில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு மகனுக்கு வீட்டை எழுதிக்கொடுத்து ஏமாந்த தாய், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். எழுதிக்கொடுக்கும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் மகள்களும் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு அந்த உதவி இலவசம்.

வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்கு 181 என்ற உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது பின்னால் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். வாடகைக்கு விட ஓர் அறையாவது வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து வீடு கேட்டால், கணவர் எங்கே என்ற கேள்வியை விட்டுவிட்டு, மாதம் எந்தத் தேதியில் வாடகை தர முடியும் என்று கேளுங்கள், அட்வான்ஸை மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.